ஈரத் துண்டு வழக்கு

எங்கள் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் ஹெட்மாஸ்டருக்குப் பயந்தார்கள். ஹெட்மாஸ்டர் சமூகப் பாட டீச்சருக்குப் பயந்தார். நான் இரண்டு பேருக்கும் பயந்தேன். போதாததற்குப் பள்ளிக்கூட வாசலில் படுத்துக்கிடக்கும் பழுப்பு நாய்க்கும் பயந்தேன். நான் அங்கே டிரில் மாஸ்டர். அப்படிச் சொன்னதும் மீசையும் தொடையும் குரலுமாக ஓர் ஆள் உங்கள் மனதில் வந்து நிற்பார். அவரை அப்படியே திருப்பி அனுப்பிவிடுங்கள். என்னிடம் இருந்தது விசில் மட்டும்தான்.

டீச்சரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதிவிட்டால், அவர் இப்போது எந்த ஊரில் இருந்தாலும் ஒரு கார்டை எடுத்து அதில் ஒரே ஒரு வார்த்தை எழுதிப் போட்டுவிடுவார் என்று பயம். அந்த வார்த்தை, "காரணம்?"

அவர் தென்காசிக்கு வந்து சேர்ந்த முதல் வாரத்திலேயே எங்கள் ஆசிரியர் அறையின் நிம்மதி போய்விட்டது. நான் பாட்டுக்கு, "இன்னைக்கு வடை சரியில்ல" என்பேன். எதிர் மேஜையிலிருந்து, "காரணம்?" என்று வரும். வடைக்கு என்ன காரணம் சொல்ல? "உளுந்து பத்தல" என்று ஏதாவது சொன்னால், "உளுந்து பத்தலன்னு யாரு சொன்னா? கடைக்காரர்கிட்ட கேட்டீங்களா?" என்று அடுத்த கேள்வி வரும். ஒரு வடையைத் திட்டுவதற்குக்கூட எதிர்க்கட்சியை விசாரிக்க வேண்டும் என்றால் மனிதன் எப்படி வாழ்வது? நாங்கள் வடையைப் புகழ ஆரம்பித்தோம். அதற்கும் காரணம் கேட்டார்.

உயரமான, கண்ணாடி போட்ட பெண்மணி. ஆண்கள் பிடிக்கும் பெரிய கறுப்புக் குடை ஒன்று வைத்திருப்பார். மதராஸிலிருந்து வரும் இங்கிலீஷ் பத்திரிகை எங்கள் ஊருக்கு ரயிலில் வந்து சேரும்போது அதில் உள்ள செய்திகள் ஆறிப்போயிருக்கும். டீச்சருக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. அவர் முதலில் புரட்டுவது கோர்ட்டுச் செய்திகளை. மற்றவர்கள் சினிமா விளம்பரம் பார்க்கிற ஆவலோடு அவர் தீர்ப்பு பார்ப்பார். படித்துக்கொண்டே சில சமயம் "சபாஷ்!" என்பார். யாருக்குச் சபாஷ் என்று எட்டிப் பார்த்தால், பெரும்பாலும் தோற்றுப்போன கட்சியின் வாதத்துக்காக இருக்கும்.

விடைத்தாள் திருத்துவதும் அப்படித்தான். முட்டை மார்க் போடுவதற்கு அரைப் பக்கம் எழுதுவார். பையன் எழுதியிருப்பது இரண்டே வரியாக இருக்கும். "இவ்வளவு எழுதுததுக்கு அஞ்சு மார்க் போட்டுட்டுப் போலாமே, டீச்சர்" என்று நான் ஒரு தடவை சொன்னேன். "போடலாம். அதுக்கும் அரைப் பக்கம் எழுதணுமே" என்றார்.

பாடப் புத்தகத்தில் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு பத்திதான். தில்லியில் இருக்கிறது, நீதிபதிகளைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார், முற்றும். டீச்சர் அந்தப் பத்தியை வைத்துக்கொண்டு ஒரு பருவம் முழுவதும் ஓட்டுவார். மைதானத்தில் நான் கபடி நடத்துவேன். ஜன்னலுக்கு உள்ளே பதினோராம் வகுப்பில் அதைவிடப் பெரிய கபடி நடக்கும்.

மருத்துவக் கல்லூரி வழக்கு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. எந்தச் சாதிக்கு எத்தனை இடம் என்று மதராஸ் சர்க்கார் பங்கு பிரித்து ஓர் உத்தரவு போட்டிருந்தது. அது தன் உரிமையைப் பறிக்கிறது என்று ஒரு பெண்மணி கோர்ட்டுக்குப் போனார். டீச்சர் என்ன செய்தார் தெரியுமா? அந்தப் பெண்மணிக்காக வாதாட, அந்த உத்தரவால்தான் இடம் கிடைக்கக்கூடிய உழவன் மகன் ஒருவனை எழுப்பி விட்டார். சர்க்காருக்காக வாதாட, நாலு ஊரில் வயல் வைத்திருக்கும் வீட்டுப் பெண்ணை எழுப்பி விட்டார். அந்தப் பெண் முதலில் அழுதது. பிறகு வாதாட ஆரம்பித்தது. வீட்டுக்குப் போயும் நிறுத்தவில்லை போலிருக்கிறது; மறுநாள் அப்பா வெள்ளை வேட்டியும் சிவந்த முகமுமாகப் பள்ளிக்கூடத்துக்கு வந்து நின்றார்.

"என்ன டீச்சர் சொல்லிக் குடுக்கீங்க? எம்மக சோத்துத் தட்டு முன்னால ஒக்காந்துக்கிட்டு என்னைய எதிர்த்து ஒரு மணி நேரம் பேசுதா!"

"நல்லாப் பேசுனாளா, அண்ணாச்சி?"

அவர் சற்று யோசித்தார். "நல்லாத்தான் பேசுனா" என்றார்.

"இன்னைக்குக் கட்சிய மாத்திக் குடுக்குதேன். ராத்திரி உங்க பக்கம் பேசுவா. வீட்டுக்குப் போங்க."

அந்த வழக்கில் உத்தரவு செல்லாது என்று தீர்ப்பானது. அந்தப் பெண்மணி கல்லூரிக்கு விண்ணப்பமே போட்டிருக்கவில்லை என்பதை டீச்சர் சொன்னதும் வகுப்பு கைதட்டி ஆர்ப்பரித்தது. அதோடு விடவில்லை. தோற்றுப்போன சர்க்கார் சும்மா இருக்காமல் அரசியல் சட்டத்தையே திருத்தியதையும் சொன்னார். "இப்பம் யாரு ஜெயிச்சா?" என்று உழவன் மகன் கேட்டான். "அதைத்தான் நீ எழுதணும். காரணத்தோட" என்றார். அவருடைய கட்சி எது என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. மணி அடித்த பிறகும் சண்டை ஓயாமல் கிணற்றடி வரைக்கும் போனது. நான் போய் விசில் ஊதினேன். யாரும் என்னைச் சட்டை செய்யவில்லை.

அவருக்கு ரொம்பப் பிடித்த வழக்கு, விசாரணை இல்லாமல் சிறையில் வைக்கப்பட்ட ஒருவர் போட்டது. குடியரசு பிறந்த கையோடு வந்த வழக்கு. அப்படி அடைக்க இடம் கொடுத்த சட்டத்தைக் கோர்ட்டு ஏறக்குறைய முழுசாக ஒத்துக்கொண்டுவிட்டது. ஒரே ஒரு பிரிவை மட்டும் வெட்டி எறிந்தது. எந்தக் காரணத்துக்காக அடைத்தோம் என்பதைக் கோர்ட்டுக்குக்கூட வெளியிடக் கூடாது என்று சொன்ன பிரிவு அது. "மனுஷன் தோத்துப் போனான். ஆனா அந்தப் பிரிவு செத்துது பாருங்க!" என்று தோசைக்கு நெய் கிடைத்த மாதிரி சொல்லுவார்.

கடையத்தில் முன்பு வேலை பார்த்த பள்ளியில் அவரைக் காரணம் சொல்லாமல் ஒற்றை வரிக் கடிதத்தில் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்றும், அதிலிருந்துதான் இந்தப் பைத்தியம் பிடித்தது என்றும் எங்கள் கணக்கு வாத்தியார் கண்டுபிடித்துச் சொன்னார். நான் நாசூக்காக விசாரித்தேன். அதாவது, "கடையத்துல உங்களைத் துரத்திட்டாங்களாமே?" என்று கேட்டேன்.

"ஆமா, டிரில் சார். ஆனா இந்தப் பழக்கம் அதுக்கு முன்னாலயே உண்டு. அதனாலதான் துரத்துனாங்க" என்றார்.

இப்படிப்பட்டவர் இருக்கிற பள்ளிக்கூடத்தில்தான் எங்கள் ஹெட்மாஸ்டர் சீசன் உத்தரவு போட்டார்.

ஆனி பிறந்து சாரல் விழுந்துவிட்டால் தென்காசியில் பள்ளிக்கூடம் நடத்துவது எத்தனை கஷ்டம் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. உலகத்து ஜனமெல்லாம் ரயிலேறிக் குற்றாலத்துக்கு வருகிறது. மூன்று மைல் தூரத்தில் இருக்கிற பையன் மட்டும் அசோகர் மரம் நட்டதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஐந்தருவியில் தண்ணீர் விழுகிறது என்று செய்தி வந்த மறுநாள் வகுப்பில் பாதிப் பேருக்குக் காய்ச்சல் வந்துவிடும். அந்த வருஷம் ஹெட்மாஸ்டர் பொறுமை இழந்தார். வராத மாணவன் வீட்டுக்கு ஆசிரியர் ஒருவர் நேரில் போய்ச் சோதனை போட வேண்டும். குற்றாலத்தில் குளித்தது தெரிந்தால் டி.சி. இதுதான் உத்தரவு. அந்த ஆசிரியர் யார் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். சைக்கிள் வைத்திருந்தது நான் ஒருவன்தான்.

மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். நெற்றியில் கை வைத்துப் பார்ப்பேன். அருவிக்குப் போகிறவன் எண்ணெய் தேய்க்காமல் போகமாட்டான் என்று தலையை மோந்து பார்ப்பேன். பெற்றோர் என்னை வைத்தியர் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒரு வீட்டில் ஓர் ஆச்சி, "அப்படியே என் முழங்காலையும் பாத்துரும்யா" என்று சேலையைக் கொஞ்சம் உயர்த்திக் காலை நீட்டிவிட்டார். பார்த்துவிட்டு, சுக்கு அரைத்துப் போடச் சொன்னேன். வேறு என்ன செய்வது?

மேலகரத்தில் செல்லத்துரை வீட்டில்தான் வினை வந்தது.

செல்லத்துரை பதினோராம் வகுப்பு; அப்போது அதுதான் பள்ளி இறுதி. அப்பா லாரி ஓட்டுகிறவர். பையனுக்குப் படிப்பு சுமார், வாய் அதிகம். ஒரு நாள் கண்ணாடி போட்ட கோழி ஒன்றைக் கரும்பலகையில் வரைந்து, அதன் இறக்கையில் பெரிய குடையைச் சொருகியிருந்தான். டீச்சர் வந்து பார்த்தார். அழிக்கவில்லை. கோழிக்குக் கீழே "காரணம்?" என்று எழுதிவிட்டு, அந்த மணி முழுவதும் அந்தப் படத்துக்குப் பக்கத்திலேயே நின்று பாடம் நடத்தினார். ஆனால் கோபம் இல்லை என்று நினைக்காதீர்கள். ஆசிரியர் அறைக்கு வந்து சாக்பீஸை உடைத்துத் தூளாக்கினார்.

அந்தச் செல்லத்துரை காய்ச்சல் என்று லீவு எழுதியிருந்தான். நான் போனபோது கொடுக்காப்புளி தின்றுகொண்டிருந்தான். தலை ஈரம். எண்ணெய் வாசனை. கொடியில் ஈரத் துண்டு. 'குற்றாலத்தில் குளித்ததாகத் தெரிகிறது' என்று எழுதிக் கொடுத்தேன். ஹெட்மாஸ்டர் மறுநாளே டி.சி. என்று சொல்லிவிட்டார். பரீட்சை எழுத வேண்டிய வருஷத்தில் டி.சி. என்றால் வேறு எந்தப் பள்ளியும் சேர்க்காது. செய்தி அன்றைக்கே மேலகரம் போய்விட்டது. படிப்பு போதும், திங்கட்கிழமை செங்கோட்டை மரக்கடையில் சுமை தூக்கப் போ என்று சொல்லி, அப்பன் அங்கே இடமும் பேசி முடித்துவிட்டான்.

டீச்சர் ஹெட்மாஸ்டர் அறைக்குள் நுழைந்தார். என்னையும் இழுத்துக்கொண்டுதான்.

"அவன்கிட்ட கேட்டீங்களா, சார்?"

"என்னத்த கேக்க? இந்தா, டிரில் எழுதிக் குடுத்திருக்காரு."

"இவருகிட்ட கேட்டாச்சு. அவன்கிட்ட?"

"உங்களைக் கோழின்னு வரைஞ்ச பயல், டீச்சர்!"

"அதனாலதான் சொல்லுதேன். நான் விசாரிச்சா நியாயமா இருக்காது. எனக்கு அவனப் புடிக்காது. நீங்கதான் விசாரிக்கணும்."

மாவட்டக் கல்வி அதிகாரி அடுத்த மாதம் பரிசோதனைக்கு வருவதாக இருந்தது. மாணவர் நீதிமன்றம் என்று ஒன்று நடத்தினால் அறிக்கையில் அழகாக இருக்கும் என்று ஹெட்மாஸ்டருக்குத் தோன்றிவிட்டது. சனிக்கிழமை மதியம் என்று முடிவானது. பள்ளியில் எந்தப் பையனை வேண்டுமானாலும் வக்கீலாக வைத்துக்கொள்ளலாம் என்று செல்லத்துரையிடம் சொன்னோம். அவன் சாவகாசமாகத் தலையைச் சொறிந்துவிட்டு, "டீச்சரே வரட்டும்" என்றான்.

"ஏலே, ஒனக்கு வெக்கமா இல்ல?" என்றேன்.

"அவுங்களுக்கு என்னையப் புடிக்காதுல்லா, சார். புடிக்காதவுங்க பேசுனா நம்புவாங்க."

டீச்சர், "காரணம் சரியாத்தான் இருக்கு" என்று ஒத்துக்கொண்டார்.

சனிக்கிழமை வந்தது. ஒரே சாட்சி நான். டீச்சர் குறுக்கு விசாரணை செய்யப்போகிறார். வடை விஷயத்திலேயே என்னால் தாக்குப்பிடிக்க முடிந்ததில்லை. கழுத்தில் விசில் கயிறு சரியாகத்தான் இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அதை வைத்து என்ன செய்ய உத்தேசம் என்று எனக்கே தெரியாது.

தகரக் கூரை போட்ட மண்டபம். சாரல் விழுந்து சடசடவென்று சத்தம். எல்லோரும் கத்திக் கத்தித்தான் பேச வேண்டும். ஹெட்மாஸ்டர் நடுவில் உட்கார்ந்தார். செல்லத்துரை ஓரமாக நின்றான்.

"டிரில் சார், அந்த வீட்டுக்குள்ள போகும்போது வரலாமான்னு கேட்டீங்களா?"

"செருப்பைக் கழட்டினேன்!" என்று கத்தினேன். மண்டபம் சிரித்தது.

"உள்ள என்ன பாத்தீங்க?"

"ஈரத் துண்டு! கொடியில!"

"உங்க துண்டு இப்பம் எங்க இருக்கு?"

"எங்க வீட்டுக் கொடியில."

"எப்பம் துவைச்சது?"

"செவ்வாய்க்கிழமை."

"காஞ்சிட்டா?"

எனக்குப் பதிலாகக் கூரை பேசியது.

டீச்சர் திரும்பினார். "யாரு வீட்டுலயாவது இப்பம் காஞ்ச துண்டு இருந்தா கையத் தூக்குங்க."

அத்தனை பேரில் ஒரே ஒரு கை எழுந்தது. ரொட்டிக்கடைக்காரர் மகன். "நாங்க அடுப்பு மேல போட்டுருவோம், டீச்சர்" என்றான்.

எனக்குப் பூமி பிளந்து விழுங்கிக்கொள்ளாதா என்றிருந்தது. இந்த ஊரிலேயே பிறந்து, இந்த ஊரிலேயே வளர்ந்து, சாரல் காலத்தில் ஈரத் துண்டைத் தடயமாகக் கொண்டுவந்த முதல் அறிவாளி நான்தான். "எண்ணெய் வாசனை!" என்று கடைசி அஸ்திரத்தை எடுத்து விட்டேன். "சீசன்ல எண்ணெய் தேய்க்காத தலை ஒண்ணு காட்டுங்க" என்றார் டீச்சர். எல்லோரும் ஹெட்மாஸ்டரின் தலையைப் பார்த்தார்கள். அது வழுக்கை. அதுவும் பளபளவென்றுதான் இருந்தது.

பிறகு டீச்சர் வடக்கே ஒருவர் போட்ட வழக்கைச் சொன்னார். பழைய வழக்கொன்றில் விடுதலையானவர் அவர். அவர் வீட்டுக் கதவை ராத்திரியில் போலீஸார் தட்டி, இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படி வீட்டுக்குள் வந்து பார்ப்பது தப்பு என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. ஹெட்மாஸ்டர் முகம் சுண்டியது. டீச்சர் அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"ஆனா, சார், வெளிய நின்னு கண்காணிக்கது தப்பில்லன்னும் அதே தீர்ப்புல இருக்கு. ரெண்டு நீதிபதிங்க அதை ஒத்துக்கல."

செல்லத்துரை பதறிப்போய்ப் பக்கத்தில் வந்தான். "டீச்சர், அது நமக்கு எதிரால்லா இருக்கு! எதுக்குச் சொல்லுதீங்க?"

"எதிரா இருக்கதாலதான் சொல்லுதேன். வாய மூடிட்டு நில்லு."

ஹெட்மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "டீச்சர், இதெல்லாம் சர்க்காருக்கு. என் பள்ளிக்கூடம் சர்க்காரா?"

"இல்ல சார். இந்தத் தீர்ப்பு எதுவும் உங்களைக் கட்டாது. நீங்க நெனச்சா இப்பமே டி.சி. குடுக்கலாம்." ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தார். "எதுக்காகக் குடுக்குதீங்கன்னு மட்டும் இதுல எழுதிருங்க. அவன் அப்பாவுக்குக் காட்டணும்."

ஹெட்மாஸ்டர் பேனாவைத் திறந்தார். எழுத ஆரம்பித்தார். அடித்தார். மறுபடி எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். 'துண்டு' என்ற வார்த்தை வந்துவிட்டது. அதற்கு மேல் பேனா நகர மாட்டேன் என்கிறது. செல்லத்துரையின் முகத்தில் அப்போதுதான் முதல் தடவையாகப் பயத்தைப் பார்த்தேன். அவன் ஹெட்மாஸ்டரைப் பார்க்கவில்லை. அந்தப் பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னவே டிரில், துண்டை விட்டா வேற ஒண்ணுமே இல்லையாவே?"

"வாசனை, சார்."

ஹெட்மாஸ்டர் பேனாவை மூடினார். "பய இங்கனயே படிக்கட்டும்" என்றார்.

மண்டபம் கூரையையும் மிஞ்சிச் சத்தம் போட்டது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் செல்லத்துரை ஓர் அடி முன்னால் வந்து, "சார், ஒண்ணு சொல்லணும்" என்றான்.

அவ்வளவுதான். சொல்லப் போகிறான்! ஐந்தருவியில் குளித்தேன், ஐந்திலும் குளித்தேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லப் போகிறான்! என் கை எப்போது மேலே போனது என்று தெரியாது. விசிலை வாயில் வைத்து மூச்சு முட்ட ஊதிவிட்டேன். மொத்தப் பள்ளியும் விறைத்து அட்டென்ஷனில் நின்றது. கூட்டம் முடிந்துவிட்டது என்று நினைத்த ஹெட்மாஸ்டர் கையைக் காட்ட, முன்வரிசைப் பெண்கள் தேசிய கீதத்தை ஆரம்பித்துவிட்டார்கள். செல்லத்துரை திறந்த வாயை மூடாமல் அப்படியே கீதத்தில் சேர்ந்துகொண்டான். அரசுத் தரப்புச் சாட்சி குற்றவாளியைக் காப்பாற்றியது நம் தேசத்தில் அன்றைக்கு முதல் தடவையாக இருக்கலாம்.

கீதம் முடிந்ததும் டீச்சர் என்னிடம் வந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"பேச வந்தவனை எதுக்கு ஊதி அடக்குனீங்க?"

"டீச்சர், அவன் ஒத்துக்கிட்டான்னா?"

"ஒத்துக்கட்டும். அவன் வாயில கை வைக்க உங்களுக்கு யாரு அதிகாரம் குடுத்தா?" என்று சொல்லிவிட்டு, எல்லோரும் பார்க்க, "செல்லத்துரை, என்ன சொல்ல வந்த? சொல்லு" என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இல்ல டீச்சர். சார் வாயால சொல்லிட்டாங்க. எங்க அய்யா நம்பமாட்டாரு. மரக்கடைக்காரங்ககிட்ட வாக்குக் குடுத்தாச்சு. எழுதிக் குடுங்க, சார். காரணம் போட்டு."

ஹெட்மாஸ்டருக்குக் கை வலித்துவிட்டது போலிருக்கிறது. "ஓய் டிரில், உம்ம எழுத்து நல்லா இருக்கும். எழுதும்" என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். சாட்சியான டிரில் மாஸ்டர் கூறியது நம்பத்தக்கதாக இல்லை. ஈரத் துண்டுக்கும் குற்றாலத்துக்கும் உள்ள சம்பந்தத்தை அவர் நிரூபிக்கவில்லை. உள்ளே வர அனுமதி கேட்டாரா என்ற கேள்விக்கு அவர் செருப்பைப் பற்றிப் பதில் சொன்னார். பக்கத்தில் நின்ற டீச்சர், "செருப்பைப் பத்தி எழுதணுமா, சார்?" என்று எனக்காக ஒரு வார்த்தை பேசினார். "காரணம் வேணும்னு நீங்கதான கேட்டீங்க?" என்றார் ஹெட்மாஸ்டர். அழகான எழுத்தில் எழுதி, மையை ஒற்றி எடுத்து, பள்ளிக்கூட முத்திரையையும் நானே குத்தினேன். செல்லத்துரை அதை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு சாரலில் மேலகரம் பக்கம் ஓடினான். திங்கட்கிழமை முதல் மணிக்கு வகுப்பில் இருந்தான்.

ஹெட்மாஸ்டரும் சும்மா இருக்கவில்லை; சர்க்கார் மாதிரியே உத்தரவைத் திருத்திவிட்டார். இனி வீட்டுக்குள் போகக் கூடாது, தெருவில் நின்று கண்காணிக்கலாம். அந்தச் சீசன் முழுவதும் நான் தெருத்தெருவாக மழையில் நின்றேன். "சார்வாள், உள்ள வந்து ஒரு காப்பி குடிங்க" என்று கூப்பிடுவார்கள். "வரக் கூடாது, ஆச்சி. தீர்ப்பு" என்பேன். டீச்சர் ஒரு நாள் அந்தப் பக்கம் வந்தவர் இரக்கப்பட்டுத் தன் குடைக்குள் இடம் கொடுத்தார்.

"டீச்சர், நீங்களாவது சொல்லுங்க. செல்லத்துரை அன்னைக்குக் குளிச்சானா, இல்லையா?"

"தெரியாது. நான் கேக்கல."

"வக்கீல்லா நீங்க? ஒரு வார்த்த கேட்டுருக்கலாமே?"

டீச்சர் குடையை என் பக்கம் கொஞ்சம் சாய்த்தார்.

"கேட்டா சொல்லிருவான், டிரில் சார்."